கராஜ் கதவில் ஒட்டிய ஸ்பாஞ்சு

மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றாலும், யாங்கோனில் பாதிக் கடைகளுக்கு உருட்டுக் கதவு போட்டவன் நான். அதனால் பசுந்தாங் பஸ்ஸில் முன் சீட்டுப் பெண் சொன்னதும் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“கதவைக் குளுமையா வெச்சேங்க்கா, டாக்சி உள்ளயே மாட்டிக்கிச்சு.”

பக்கத்தில் இருந்த மூத்தவள் திரும்பினாள். “என்னடி பண்ணித் தொலைச்சே?”

“மாமியாருக்கு மாடி ஏற முடியாதுல்ல, கராஜ்லதான் கட்டில். மத்தியானம் இரும்புக் கதவு அடுப்பாக் கொதிக்குது. ரெண்டு ஃபேன் ஓடி மீட்டர் காசு ஏறுது. கரண்ட் போனா பேட்டரியும் தாங்கல. கூரைக்கு அடியில போடுற வெள்ளித்தாள் ஒட்டின ஸ்பாஞ்சை வாங்கிக் கதவு முழுக்க ஒட்டிட்டேன்.”

“குளுந்துச்சா?”

“ஒரு ஃபேன் போதும். அத்தை நல்லாத் தூங்குறாங்க. ஆனா கதவு சுருள மாட்டேங்குது. எங்க வீட்டுக்காரரு ரெண்டு நாளா வண்டி எடுக்கல.”

“பிச்சுப் போடேன்.”

“அத்தை கதவுல சாஞ்சு உக்காந்துட்டாங்க. பிச்சா மாவ்பி ஊர்ல இருக்குற மக வீட்டுக்கே போயிருவாங்களாம்.”

மூத்தவள் சிரித்தாள். “யாராச்சும் ஒட்டுவாங்களாடி? உள்பக்கம் கம்பி கட்டி, அதே ஸ்பாஞ்சைத் திரையாத் தொங்கவிடு. வண்டி போறப்ப ஒதுக்கிக்கோ.”

என் வாய்வரை வந்த யோசனையும் அதுவே. முந்திவிட்டாள்.

“நான் சொன்னா அத்தை நம்ப மாட்டாங்க. நீங்க வந்து சொல்லுங்கக்கா.”

“என் ஸ்டாப்பு இன்னும் தள்ளியில்ல இருக்கு?”

“டாக்சி வெளிய வந்தா அவரே உங்கள வீட்டுல விட்டுருவாரு.”

இளையவளின் நிறுத்தம் வந்ததும் மூத்தவள்தான் முதலில் இறங்கினாள்.