புகைக்குழாயில் மஞ்சள் துணி

வீடு வாங்க வருகிறவர்கள் முதலில் திறந்து பார்ப்பது சமையலறைக் குழாயைத்தான். தண்ணீர் சர்ரென்று கொட்டினால் முகம் மலர்ந்துவிடும். மாடியில் தொட்டி எந்த லட்சணத்தில் இருக்கிறது, சுவருக்குள் ஓடும் குழாய் எந்தக் காலத்தில் போட்டது என்று ஒரு கேள்வி வராது. பிறகு ஜன்னலோரம் நின்று, நல்ல காற்று வருகிறது என்பார்கள். ஜன்னலைத் திறந்தால் காற்று வராமல் வேறென்ன வரும்? கடைசியாகச் சுவரைத் தடவிப் பார்ப்பார்கள். விற்கிறவர் எந்த ஈரக்கறையை மறைக்கப் புதுப் பெயிண்ட் அடித்தாரோ, சரியாக அந்த இடத்தையே தடவிக்கொண்டு, "நல்லா வச்சிருக்காங்க" என்பார்கள்.

வாங்குவதற்கு முன் வீட்டைச் சோதித்துச் சொல்வது என் தொழில். ஈரம், விரிசல், மின்கம்பி, கூரை, கேஸ் இணைப்பு எல்லாம் பார்ப்பேன். குடிவந்த பிறகு எதை எதை எப்போது சுத்தம் செய்ய வேண்டும் என்றும் சொல்லிவிட்டு வருவேன். நன்றாகத் தலையாட்டுவார்கள். செய்தவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. காரைத் துடைக்க நேரம் இருக்கும். தாங்கள் படுத்துத் தூங்கும் கூரையை ஒருதரம் ஏறிப் பாருங்கள் என்றால் முதுகுவலி வந்துவிடும்.

நீங்கள் கேட்பது அந்தக் குளியலறையைப் பற்றி. தெரியும் ஐயா, அதற்குத்தான் வருகிறேன். இந்தக் காவல் நிலையத்துக்கு நானாக நடந்து வந்தேன், யாரும் இழுத்து வரவில்லை. அந்த அம்மா இறந்துபோனதற்கு அவர் கணவரைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறீர்கள். கேஸ் ஹீட்டரின் புகைக்குழாயில் துணியை அடைத்து, திட்டம் போட்டு, சாமர்த்தியமாக மனைவியைக் கொன்றார் என்று செய்தித்தாளில் போட்டிருந்தது. சாமர்த்தியமாக! அந்த ஒரு வார்த்தையைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த ஆளுக்குப் புகை எந்தப் பக்கமாக வெளியே போகிறது என்றே தெரியாது.

வீடு வாங்குவது எப்படி என்று போனில் வீடியோ பார்த்துவிட்டு வந்தவர் அவர். மனதுக்குள் வீடியோக்காரர் என்று பெயர் வைத்துவிட்டேன். நான் எந்த அறைக்குள் நுழைந்தாலும் முந்திக்கொண்டு போய் விரல் முட்டியால் சுவரைத் தட்டுவார். தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்பார். சுவர் அவரிடம் என்ன சொன்னதோ, "ம், ஓகே" என்று அடுத்த அறைக்குப் போய்விடுவார். கூடவே அவருடைய மாமனார் வந்திருந்தார். மருமகன் எதைச் சொன்னாலும் "ஆமாமா" போடுவதற்கென்றே அழைத்து வரப்பட்டவர். மனைவியும் வந்திருந்தார். எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது அவருக்கு மட்டும்தான்.

"அண்ணே, இந்த ஹீட்டர் ரொம்பப் பழசா தெரியுதே. ஒண்ணும் பயமில்லையே?" என்று அந்த அம்மா கேட்டார்.

நல்ல கேள்வி. இத்தனை வருஷத்தில் இப்படிக் கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் ஒழுங்காகச் சோதித்தேன். கேஸ் ஹீட்டரின் புகை, சுவரைத் துளைத்துச் செல்லும் ஒரு குழாய் வழியாக வெளியேற வேண்டும். குழாய் அடைத்துக்கொண்டால் ஹீட்டர் தானாக அணைய வேண்டும். அணையாவிட்டால் புகை குளியலறைக்குள்ளேயே திரும்பும். அதிலுள்ள விஷத்துக்கு வாசனை கிடையாது, குளிக்கிறவருக்குத் தூக்கம் வருவதுபோல்தான் இருக்கும். என்னிடம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டின் பின்பக்கம் போய், குழாயின் வாயில் ஒரு மஞ்சள் துணியைச் சுருட்டி அடைப்பேன். உள்ளே வந்து வெந்நீரைத் திறந்துவிட்டு, ஹீட்டர் அணைகிறதா என்று பார்ப்பேன். என் தொழிலில் இருக்கும் மற்றவர்கள் ஹீட்டரின் நிறத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அந்த ஹீட்டர் அணையவில்லை. அதை மாற்றாமல் அந்த வீட்டில் ஒருநாள்கூட யாரும் குளிக்கக் கூடாது.

அதைச் சொல்லத்தான் கூடத்துக்கு வந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் வீடியோக்காரர் மாமனார் பக்கம் திரும்பினார்.

"பாருங்க மாமா, இப்ப வரிசையா அடுக்குவாரு. பயமுறுத்தினாத்தானே இவங்க பொழப்பு ஓடும். சுவரையெல்லாம் நானே தட்டிப் பாத்துட்டேன், கல்லு மாதிரி இருக்கு."

"ஆமாமா, எல்லாம் ஏமாத்து வேலைதான்" என்று மாமனார் சிரித்தார். அந்த அம்மா சிரித்தாரா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. சிரித்தார் என்றே வைத்துக்கொண்டேன்.

"ஹீட்டர் எப்படிண்ணே இருக்கு?" என்று அவர்தான் மறுபடியும் கேட்டார்.

"நல்லா எரியுதும்மா. குடிவர்றதுக்கு முன்னாடி ஒரு ஆளை வச்சு சுத்தம் பண்ணிடுங்க" என்றேன். இதில் பொய் எங்கே இருக்கிறது? எரியத்தான் செய்தது.

வண்டியில் பையைக் கட்டும்போதுதான் மஞ்சள் துணி இல்லாதது தெரிந்தது. எரிச்சலில் எடுக்க மறந்திருக்கிறேன். இன்னும் அந்த வீட்டு வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன், திரும்பி உள்ளே போயிருக்கலாம். ஆனால் எதற்கு? துணியை மறந்துவிட்டேன் என்று போய் அசடு வழிந்தால் வீடியோக்காரர் ஆயுசுக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஹீட்டரைச் சுத்தம் செய்யுங்கள் என்று தெளிவாகச் சொல்லியாயிற்று. செய்ய வருகிறவன் துணியை எடுத்துப் போடப் போகிறான். ஆளே கூப்பிடாமல் இருந்தால் அது யார் தப்பு என்று நீங்களே சொல்லுங்கள்.

கூப்பிடவில்லை. குடிவந்த சில நாளில் அந்த அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்கண்ணே. குளிச்சிட்டு வெளியே வந்தா தலை கிறுகிறுன்னு சுத்துது. அவருகிட்ட சொன்னா, உனக்கு எப்பவும் ஏதாவது ஒண்ணுன்னு வாயை அடைச்சிடுறாரு. நீங்க ஒருதரம் வந்து பாக்க முடியுமா?"

மறுநாள் காலையில் போனேன். கூலி எதுவும் பேசவில்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள். கதவைத் திறந்த வீடியோக்காரர், "வாங்க தலைவரே, இவளை இன்னும் கொஞ்சம் ஏத்திவிட்டுட்டுப் போங்க" என்றார். ஹீட்டரைச் சுத்தம் செய்தீர்களா என்று கேட்டேன். "எதுக்கு? வெந்நீர் சூப்பரா வருதே" என்றார். அதோடு விட்டாரா? குளியலறைக்கு அழைத்துப் போய்த் தன் கைவேலையைக் காட்டினார். குளிர் வருகிறதென்று மேல்ஜன்னலில் கண்ணாடி வைத்து, சுற்றிலும் பசை பூசி அடைத்திருந்தார்.

"நேத்துதான் முடிச்சேன். இனி பொட்டுக் காத்து உள்ள வராது."

உண்மைதான், வராது. அந்த வீட்டில் அவர் சுத்தமாகச் செய்து முடித்த ஒரே வேலை அது. அதுவரை அந்த ஜன்னல்தான் அந்த அம்மாவைத் தலைசுற்றலோடு விட்டுவைத்திருந்தது. இதெல்லாம் அவருக்குத் தெரியுமா? தெரியாது. எனக்குத் தெரியும்.

பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். பார்த்துவிட்டும் வந்தேன். அந்த அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கூடத்தில் காத்திருந்தார்.

"எல்லாம் சரியா இருக்கும்மா. புதுப் பெயிண்ட் வாசனைதான் உங்களுக்கு ஒத்துக்கலை. போகப் போகச் சரியாயிடும்."

"நீங்க சொன்னா சரிண்ணே. இப்பதான் நிம்மதியா இருக்கு" என்றார். வாசல்வரை வந்து வழியனுப்பினார். மறுநாள் குளிக்கப் போனவர் வெளியே வரவில்லை.

ஆகவே வீடியோக்காரரை வெளியே விடுங்கள் ஐயா. அவர் மேல் இரக்கப்பட்டுச் சொல்லவில்லை. இந்த வேலைக்கு ஹீட்டரைத் தெரிந்திருக்க வேண்டும், காற்று எப்படிப் போகும் என்று தெரிந்திருக்க வேண்டும். சுவரைத் தட்டிக்கொண்டு திரிகிற ஒரு ஆளை அதற்குச் சொந்தக்காரராக்கினால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அந்த அம்மா மேலும் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அந்த வீட்டிலேயே ஒழுங்காகக் கேள்வி கேட்டவர் அவர் ஒருவர்தான்.

துணி குழாயின் வாயில் இல்லை, கை எட்டாத ஆழத்தில் இருந்தது என்று உங்கள் ஆட்கள் சொல்வதும் சரிதான். மறந்துபோன துணி தானாக அவ்வளவு தூரம் போகாது. அன்று காலை நான் பின்பக்கம் போனபோது அதன் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் வந்திருக்கும். பின்தெருவில் போகிற யாராவது பார்த்தால் என் வேலையைப் பற்றி என்ன நினைப்பார்கள்? பையிலிருந்து நீளமான திருப்புளியை எடுத்து, நுனி கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை உள்ளே தள்ளினேன். எந்த வேலையையும் அரைகுறையாக விட்டுவிட்டு வருகிற பழக்கம் எனக்கு என்றைக்குமே கிடையாது.