எப்பக் கூப்பிட்டாலும் எங்கேஜு

ஆமாங்க, இந்த ஊடுதானுங்க. ஏலக்காய்க்கடைக்காரர் ஊடு. போன் கம்பியைப் பாத்துக்கிட்டே வந்தீங்களாக்கும், அதான் நேரா சமையக்கட்டு ஜன்னலுக்கு வந்து நிக்கறீங்க. பரவால்லீங்ணா, இங்கயே நில்லுங்க. காலைப் பாருங்க, அட்டை ஏறியிருக்குது. இந்தாங்க, உப்பு.

உங்க பேரு ஏசுரத்தினமுங்களா? நான் கமலாத்தாளுங்க. எங்கூர் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை. பேச்சுலயே தெரியுதுங்களா? தெரியுமுங்க. கல்யாணமாகி இந்த மலைக்கு வந்து மூணு வருசமாச்சு, பேச்சு மட்டும் மாறல.

மூணு நாளா மணியே அடிக்கலீங்க. கூப்பிடறவங்களுக்கு எப்பவும் எங்கேஜாமா. எங்கூட்டுக்காரர்தான் சாந்தன்பாறைக் கடையிலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்துப்போட்டு உங்காபீசுல எழுதிக் குடுத்தாரு. ரிசீவரெல்லாம் சரியா வெச்சிருக்குதுங்க. நீங்க போஸ்ட்டு பூராம் பாத்துட்டீங்களா? பலாமரத்துக் கொப்பையும் வெட்டிட்டீங்களா? பாவம், இந்த மழையில. அப்பக் கோளாறு ஊட்டுக்குள்ளாறதானுங்க.

உள்ள வந்து பாக்கணுமுங்களா? பாக்கலாமுங்க. மொதல்ல இந்தக் காப்பியைக் குடிங்க. ஜன்னக் கம்பிக்குள்ள டம்ளர் நொழையுமுங்க.

கெட்டுப்போறதுக்கு முன்னால எப்படி இருந்துச்சுங்களா? மணிக்கொருக்கா அடிக்குமுங்க. ஒம்போது, பத்து, பதினொண்ணுன்னு. வேற யாரு, அவருதான். நாலு தடவை அடிக்கறதுக்குள்ள எடுத்துப்போடோணும். எடுத்தா ஒண்ணும் பேசமாட்டாரு. ம்-னுட்டு வெச்சுருவாரு. ஒருக்கா தலைக்குத் தண்ணி வாத்துக்கிட்டிருந்தனுங்க, எடுக்க முடியல. ஜீப்பை எடுத்துக்கிட்டு வந்துட்டாரு. என்னை அடிக்கலீங்க. அடிச்சிருந்தா ஊருக்குத் தெரிஞ்சிருக்கும். ஈரத்தலையோட என்னை நிக்க வெச்சுப்போட்டு, கட்டிலுக்கடியில, பத்தாயத்துக்குள்ள எல்லாம் தேடுனாரு. யாரைத் தேடறாருன்னு எனக்குத் தெரியலீங்க. அவருக்கும் தெரியாது. போறப்ப என் செருப்பை எடுத்து ஜீப்புல போட்டுக்கிட்டாரு.

நானே யாரையாச்சும் கூப்பிடலாமேங்கறீங்களா? நம்பர் சுத்தற வட்டத்துல பூட்டுப் போட்டிருக்குதுங்க. சாவி அவர் அரணாக்கயித்துல. ரிசீவர் வெக்கற கட்டையைத் தட்டுனாலும் நம்பர் விழும்னு, பாலக்காட்டுல டைப்பு படிக்கறப்ப ஒரு புள்ள சொல்லியிருந்தா. எங்கண்ணனுக்கு ட்ரங்க் கால் போட்டுத் தரச் சொல்லி எக்ஸ்சேஞ்சைக் கூப்பிடலாம்னு ஒரு வாரம் தட்டிப் பாத்தனுங்க. ஒண்ணு தப்பு நம்பரு, இல்லாட்டி எங்கேஜு. ஒருக்கா ஒரு ஆம்பளை எடுத்து மலையாளத்துல வைதுபோட்டு வெச்சுட்டாரு. அந்த எங்கேஜ் சத்தத்தையே காதுல வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருப்பனுங்க. எங்கியோ யாரோ பேசிக்கிட்டிருக்காங்கல்ல.

அட, காப்பி ஆறிப்போச்சு. வேற சூடாத் தரட்டுங்களா? வேண்டாமுங்களா?

மணி என்னாச்சுங்க? பத்தே முக்காலா. இப்பத்தான் வந்து பாத்துட்டுப் போனாரு, இனி சோத்துக்கு ஒரு மணிக்குத்தான். லைன்மேன் நாளைக்குத்தான் வருவாங்கன்னு நெனச்சுக்கிட்டிருக்காரு. நீங்க வர்றப்பக் கூடவே நிக்கறதுக்கு நாளைக்குக் கடைக்கு லீவு.

நீங்க ஒண்ணும் தேட வேண்டாமுங்ணா, நானே சொல்லிப்போடறேன். செவுத்துல வயரு வந்து சேர்ற டப்பி இருக்குதில்லீங்க, அதுக்குள்ள ரெண்டு திருகாணி. ரெண்டுக்கும் குறுக்கால ஒரு கொண்டையூசி கெடக்குது. என்னுதுதானுங்க. திங்கக்கெழமை நாந்தான் வெச்சேன். போன் வேலை செய்யலீன்னா அவரே போயி எழுதிக் குடுப்பாரு, அப்ப ஒரு ஆளு வந்துதான ஆகோணும்?

உள்ள வரமுடியாதுங்ணா. முன்வாசல்ல வெளியால பூட்டியிருக்குது. போடி பஸ்சு பதினொண்ணரைக்கு. எமர்ஜென்சி வந்ததுக்கப்புறம் நேரத்துக்கு வருதாமா.

ஏனுங்க, பையை எடுத்துக்கிட்டு எங்க போறீங்க? அண்ணா? ஏனுங்ணா?

ஓ, முன்வாசலுக்கா. சுத்தியலுங்களா அது? பெரிய பூட்டுங்க. அடிச்சாத் தோட்டம் பூராம் கேக்கும்.

கேக்கட்டுமுங்க. அடிங்க.