வைக்கோல் அடைத்த டயர்

மணி பத்தைத் தாண்டியிருக்கும். குருக்கள்மடத்துக்கு வடக்கே கல்முனை ரோட்டு. ஒரு பக்கம் தென்னை, மறு பக்கம் வயல், அதற்கப்பால் வாவி... ஓர் ஈ காக்கை கிடையாது. அந்த ரோட்டில் ஒற்றை விளக்கோடு ஒரு கார் வந்துகொண்டிருந்தது. அந்த ஒற்றை விளக்கிலும் பாதியை யுத்தச் சட்டத்துக்காகக் கறுப்புக் காகிதம் ஒட்டி மறைத்திருந்தது.

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். சத்தம் போட்டுச் சொல்லுகிற கதை இல்லை இது. நம் அப்துல் கபூரின் மனைவிக்கு மூத்த அண்ணன், கச்சி முகம்மது, அவருக்கு நடந்தது. கபூர் இதோ இருக்கிறான். பொய் என்றால் அவனே என் வாயைப் பொத்தட்டும்.

நாற்பத்துமூன்றாம் வருஷம். மலாயாவை ஜப்பான்காரன் பிடித்த பிறகு இங்கே வெட்டுகிற றப்பர் எல்லாம் யுத்தத்துக்குக் கப்பலேறிப் போனது. புது டயரைக் கண்ணால் காண முடியாது. பெற்றோலுக்குக் கூப்பன். கார் வைத்திருந்தவர்களில் பாதிப் பேர் அதைக் கொட்டிலில் விட்டுக் கோழி அடைத்தார்கள். கச்சி முகம்மது மட்டும் விடவில்லை. வாடகைக் கார்தான் அவருக்குச் சோறு.

மனுஷன் கராஜ் இருக்கும் பக்கம் தலை வைத்தும் படுக்க மாட்டார். பெற்றோல் தாங்கி ஒழுகினால் சவுக்காரத்தைப் பிசைந்து அடைப்பார். விசிறிப் பட்டி அறுந்தால் பழைய சேலையை முறுக்கிக் கட்டுவார். கறுத்துப் போன எண்ணெயைப் போத்தலில் தெளிய வைத்து, துணியில் வடித்து, திரும்பவும் என்ஜினுக்கே ஊற்றுவார். ரோட்டில் ஓர் ஆணி கிடந்தாலும் நிறுத்தி, பொறுக்கி, சீற்றுக்குக் கீழே போட்டுக்கொள்வார். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்று நாம் சும்மா சொல்லுகிறோம். அவர் அதைக் கொண்டுதான் வீட்டை ஓட்டினார்.

அன்று விடிந்ததிலிருந்து ஓட்டம். மட்டக்களப்பு, கல்முனை, மறுபடி மட்டக்களப்பு. காத்தான்குடி வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது முதுகு அவருடையதாக இல்லை. இறங்கக் கால் எடுத்தார். அக்கா கைறுன்னிஸா ஓடி வந்தாள்.

"இறங்காத தம்பி! புள்ள குறுக்கால கிடக்காம். தேற்றாத்தீவு ஆச்சிப்பிள்ளையக் கூட்டிட்டு வந்தாத்தான் ஏலுமாம்."

உள்ளே அவர் மனைவி றஸீனா. அவளுக்கு அது மூன்றாவது பேறு. முதல் இரண்டும் தங்கவில்லை. ஆம்பிளை டாக்குத்தர் பார்ப்பார் என்று ஆசுபத்திரிக்கும் வரமாட்டேன் என்றுவிட்டாள். ஆச்சிப்பிள்ளை வயிற்றைத் தடவியே பிள்ளையைத் திருப்பிவிடுகிற மருத்துவிச்சி. கச்சி முகம்மது ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்காமல் காரைத் திருப்பினார். இந்த முறையாவது ஒரு பிள்ளையை உயிரோடு கையில் வாங்கவேண்டும். அவ்வளவுதான் அவருடைய நினைப்பு.

ஆச்சிப்பிள்ளையைப் பின்சீற்றில் ஏற்றிக்கொண்டு திரும்பி வருகிறார். குருக்கள்மடம் தாண்டியது. டப்!

பின் டயர். இறங்கிப் பார்த்தால் டியூபில் ஒட்டுக்கு மேல் ஒட்டு, இனி ஒட்ட இடமில்லை. பரவாயில்லை, டயருக்குள் வைக்கோலை இறுக்கி அடைத்து ஓட்டுகிற வித்தை அப்போது எல்லா டிரைவருக்கும் தெரியும். ஆனால் டயரை நெம்பிக் கழற்றும்போது, கையில் இருந்த ஒரேயொரு நெம்புகோலும் முறிந்தது. வைக்கோலை அடைத்த டயரை நெம்பாமல் உள்ளே தள்ள எவனாலும் முடியாது.

"அக்கா, நீங்க காருக்குள்ளயே இரிங்க. வைக்கல் கொஞ்சம் எடுத்திட்டு வாறன்."

வெள்ளாமை வெட்டி, கதிரைக் களத்தில் போட்டு மாடு விட்டுச் சூடு மிதிக்கிற காலம். வயலுக்குள் கொஞ்சத் தூரத்தில் ஒரு களவெட்டி தெரிந்தது. மாடுகளைக் கட்டியிருந்தது. நடுவில் தூற்றிக் குவித்த நெல், ஆள் உயரத்துக்கு. ஒரு காவல்காரனைக்கூடக் காணவில்லை.

"ஆரும் இரிக்கிறீங்களா? கொஞ்சம் வைக்கல் எடுக்கிறன்!"

பதில் இல்லை. சாக்கு நிறைய அள்ளினார். திரும்பும்போதுதான் கண்ணில் பட்டது. நெற்குவியலின் உச்சியில் ஓர் இரும்பு குத்தியிருந்தது. கிட்டப் போனார். ஏர்க்கொழு. தேய்ந்து, நுனி தட்டையாகி... டயர் நெம்புவதற்கென்றே அடித்துக் கொடுத்தது போல. கடைக்காரர் வீட்டில் பிறந்தவர் அவர், களவெட்டிப் பழக்கம் அவருக்கு என்ன தெரியும்? காலையில் கொண்டுவந்து வைத்துவிடலாம் என்று பிடுங்கினார்.

சர்ர்ர்... என்று நெல் சரிந்தது. காற்று இல்லை. சரிந்து முடிந்திருக்க வேண்டிய நேரத்துக்குப் பிறகும் சரிந்துகொண்டே இருந்தது. படுத்திருந்த மாடுகள் எல்லாம் ஒன்றாக எழும்பி நின்றன. வேறொரு நாளாக இருந்தால் அவர் ஓடியிருப்பார். அன்று பயப்படுவதற்குக்கூட உடம்பில் தெம்பு இல்லை.

வைக்கோலை அடைத்தார். கொழுவால் நெம்பினார். டயர் அழகாக உள்ளே போய் உட்கார்ந்தது. கொழுவைச் சீற்றுக்குக் கீழே எறிந்துவிட்டு, கம்பியைச் சுழற்றி ஸ்டார்ட் பண்ணினார்.

கார் இழுக்கவில்லை.

சம ரோட்டில் இரண்டாம் கியர் கேட்டது. ஏழெட்டுப் பேர் ஏறியது போல ஸ்பிரிங் தரை தட்டியது. தொம்... தொம்... என்று வைக்கோல் அடைத்த சில்லு உருண்டது. டயரால்தான் இப்படி என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பிறகு ஒரு வாசம். நெல் அவிக்கும்போது வருமே, அந்தச் சூட்டு வாசம். பிறகு பின்னால் ஒரு சத்தம். நொறுக்... நொறுக்... நொறுக்...

"என்னக்கா கொறிக்கிறீங்க?"

"நான் ஒண்டும் கொறிக்கல்ல தம்பி."

கொஞ்சத் தூரம் போனது.

"தம்பி... இஞ்சால சீற்று தாழ்ந்து கிடக்கு."

திரும்பிப் பார்த்தார். ஆச்சிப்பிள்ளை ஒரு கதவோடு ஒட்டிக்கொண்டு ஒடுங்கியிருந்தாள். மற்றப் பக்கத்துச் சீற்று பலகை வரைக்கும் அமுங்கியிருந்தது. அதில் ஒருவரும் இல்லை. அவளுடைய மடியில், காலடியில் எல்லாம் நெல்... கையில் எடுத்து நசித்தாள். வெறும் கோது.

"களவெட்டியில நீ என்ன எடுத்த?"

"வைக்கல்."

"வேற?"

"கொழு ஒண்டு. நெல்லுக்கு மேல குத்திக் கிடந்திச்சு."

"ஐயோ, அது காவல் இரும்பு! நெல்ல அளந்து முடியுமட்டும் அத ஒத்தரும் தொடமாட்டாங்க. இரும்ப எடுத்தா பூதம் வந்திரும் தம்பி. அது உமியக் குலைக்காது. உள்ளுக்க இரிக்கிறத மட்டும் திண்டிரும். பார்த்தா நெல்லுத்தான், தூக்கினாத்தான் தெரியும் உள்ள ஒண்டுமில்லாத சப்பியெண்டு. காரத் திருப்பு. கொண்டுபோய்க் குத்திட்டு வா."

காரை நிறுத்தினார். முன்னால் றஸீனா. பின்னால் களவெட்டி. வைக்கோல் சில்லு வீடு வரைக்கும் தாங்குவதே சந்தேகம், போய்த் திரும்பினால் நிச்சயம் தாங்காது. பெற்றோலும் அடி மட்டத்தில். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். அந்தச் சோர்வை என்னவென்று சொல்ல... அழக்கூட வரவில்லை அவருக்கு.

"காலையில கொண்டுபோய் வைக்கிறன் அக்கா. அவ தாங்கமாட்டா."

கொறிக்கிற சத்தம் நின்றது. ஏதோ ஒன்று காது கொடுத்துக் கேட்பது மாதிரி இருந்தது.

ஒருவாறு வீடு. ஆச்சிப்பிள்ளை இறங்கி உள்ளே ஓடினாள். கச்சி முகம்மது வாசல் மணலில் அப்படியே குந்திவிட்டார். எதிரே கார். இறங்க வேண்டியவர்கள் எல்லாரும் இறங்கியாயிற்று. பின்பக்கம் இன்னும் தாழ்ந்தே நின்றது. அதைப் பார்க்கக் கூடாது என்று மணலையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே றஸீனாவின் முனகல் நெடுநேரம் கேட்டது, பிறகு அதுவும் அடங்கியது. அவர் எழும்பினார்.

கதவு திறந்தது. கைறுன்னிஸா சிரிப்பும் கண்ணீருமாக வந்தாள். கையில் வெள்ளைத் துணியில் சுற்றிய பிள்ளை.

"ஆம்புளப் புள்ள தம்பி! தாயும் சுகம். புடி!"

லாம்பு வெளிச்சத்தில் பார்த்தார். ரோஜா நிறம், கொழுத்த கன்னம், சுருண்ட முடி. மூன்று பிள்ளைகளின் அழகை ஒன்றாக வாங்கிக்கொண்டு வந்தவன் போல. அல்ஹம்துலில்லாஹ் என்றார். இரண்டு கையையும் நீட்டி வாங்கினார்.

கை மேலே போய்விட்டது.

நிறைகுடம் என்று நினைத்து வெறுங்குடத்தைத் தூக்கினால் கை எகிறுமே, அப்படி. துணியின் பாரம் இருந்தது. துணிக்குள்ளே ஒரு பாரமும் இல்லை.

"பூப்போல இரிக்கான் என்ன?" என்றாள் கைறுன்னிஸா.

அவர் ஆச்சிப்பிள்ளையைப் பார்த்தார். அவள் வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றாள். பிள்ளையைப் பார்க்கவில்லை, காரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிரீ...ச் என்று ஸ்பிரிங் மெல்ல மெல்ல மேலே எழும்பியது. கதவு திறக்கவில்லை. மணலில் ஒரு காலடி பதிந்தது, பிறகு இன்னொரு காலடி.

கச்சி முகம்மது பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். காதில் பாங்கு சொல்லக் குனிந்தார். பிள்ளை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, முகம் சிவக்க, வாயை நன்றாகத் திறந்து அழுதான்.

அழுகைச் சத்தம் கேட்டது. பச்சைப் பிள்ளையின் அழுகைதான். ஆனால் கையிலிருந்து கேட்கவில்லை. ரோட்டிலிருந்து கேட்டது... தெற்கே, குருக்கள்மடம் பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தூரமாகிக்கொண்டே போனது.