மாடில்லாமல் சுற்றிய செக்கு

மூணுபனைக்குறிச்சியில நிக்கிற அந்த மூணு பனையும், ஆட்டுக்குட்டி எட்டிக் கடிக்கிற உயரத்துல வடலியா நின்ன காலம். அந்த ஊர்ல ஆவுடைத்தங்கம்னு ஒருத்தி இருந்தாளாம். புருஷன் போன பிறகு அவன் விட்டுட்டுப் போன கல்செக்கை அவளே ஓட்டினாளாம். சொந்தம்னு இருந்தது ஒரு செக்கு, ஒரு செவலைக் காளை. அவ கருப்பட்டி போட்டு ஆட்டின நல்லெண்ணெய் வாசத்துக்கு, ஏழு ஊர் எறும்பும் குஞ்சுகுளுவானோட அங்கேயே குடிவந்திருச்சாம்.

திருக்கார்த்திகைக்கு மூணு நாள் இருக்கையில செவலை படுத்துது. படுத்தது எழுந்திருக்கலை.

கார்த்திகைக்கு மலைமேல ஏத்துற பெரிய விளக்குக்கு இவ செக்குல இருந்துதான் எண்ணெய் போகணும். சேதி கேட்டு அண்ணன் சிதம்பரலிங்கம் பக்கத்து ஊர்ல இருந்து ஓடி வந்தான்.

"போதும் தாயி. கல்லை வித்துட்டு என் வீட்டுக்கு வந்திரு. ஒரு மூலையில இருந்துக்கிடலாம். கார்த்திகை அன்னைக்குச் சாயங்காலம் வண்டியோட வாரேன்."

நல்லவன்தான். ஆனா அந்த மூலையை ஆவுடைத்தங்கத்துக்குத் தெரியும். இந்தப் பக்கம் உரல், அந்தப் பக்கம் கோழி அடைக்கிற பஞ்சாரம். நடுவுல இவ. அண்ணன் முகத்தைப் பார்த்து வரமாட்டேன்னு சொல்ல வாய் வரலை.

மறுநாள் விடிஞ்சதும் அவளே மாட்டுக்குப் பதிலா செக்கு மரத்தைத் தள்ளினாளாம். தள்ளுதா, தள்ளுதா, அரைச் சுத்து வந்தபாடில்லை. எள்ளு ஆட்ட வந்த கொம்பையா பார்த்தான். இவன் பெரிய மிளகாய்த் தோட்டக்காரன்.

"நீ தள்ள, நான் நின்னு வேடிக்கை பார்க்கவா? தள்ளும்மா அங்கிட்டு."

மரத்தைப் பிடிச்சான். நாலு சுத்துதான். தலை கிறுகிறுத்து, எள்ளு மூட்டையைத் தன் பெஞ்சாதின்னு நினைச்சு மன்னிப்புக் கேட்டானாம்.

ஆவுடைத்தங்கம் யோசிச்சா. மாட்டுக்கு ஏன் கண்ணைக் கட்டுதோம்? தலை சுத்தக்கூடாதுன்னுதானே. கொம்பையா தோள் துண்டை உருவி, அவன் கண்ணைக் கட்டிவிட்டா. செக்கு கிரீச், கிரீச்சுன்னு சுத்துது. நாப்பது சுத்து போனான், ஐம்பது சுத்து போனான், ஒண்ணும் ஆகலை.

அந்நேரம் எண்ணெய்ச் சட்டியோட வந்து நின்னது யாரு? கொம்பையாவோட அண்ணன், மந்திரம்னு பேரு. வரப்புத் தகராறுல ரெண்டு பேரும் பன்னிரண்டு வருஷமாப் பேச்சில்லை.

ஆவுடைத்தங்கம் அவன் தோள் துண்டையும் உருவினா. மந்திரத்துக்கும் கண்ணைக் கட்டி, மரத்தோட மறுபக்கம் கொண்டு விட்டா.

கிரீச், கிரீச். பத்துச் சுத்து போச்சு. அப்புறம் கொம்பையா காத்துக்குச் சொல்லுத மாதிரி சொன்னான்.

"என் கிணறு வத்திப்போச்சு. மிளகாய் கருகுது. வரப்புக்கு அங்கிட்டுத் தண்ணி கிடக்கு, கேட்டா கொடுப்பாங்க. எந்த மூஞ்சியோட போயிக் கேக்க?"

கிரீச், கிரீச்.

"நாளைக்குக் காலையில மடை திறந்து கிடக்கும்னு பேசிக்கிடுதாங்க," அப்படின்னுது மறுபக்கத்துக் குரல்.

குரல் தெரியாதா? கூடப் பிறந்தவன் இருமினாலே தெரியும். ஆனா கண்ணைக் கட்டியிருந்தா மூஞ்சியைப் பார்க்க வேண்டாம் பாருங்க.

சேதி ஊருக்குள்ள பரவிச்சு. எள்ளு உள்ளவன் வந்தான், எள்ளு இல்லாதவனும் வந்தான். கண்ணைக் கட்டினான், நடந்தான், மனசுல கிடந்ததைச் சொன்னான். "என் கூரை ஒழுகுது"ன்னு கோமதிக் கிழவி சொன்னா. மறுநாள் அவ வாசல்ல நூறு பனையோலை கிடந்துச்சு. யார் போட்டதுன்னு அவளும் கேக்கலை, போட்டவனும் சொல்லலை. நடந்தவங்க எல்லாரும் செக்குக்கூட்டம்னு ஆயிட்டாங்களாம். அவங்க துண்டு தொங்கச் சுவத்துல ஆளுக்கொரு முளை அடிச்சா ஆவுடைத்தங்கம்.

கார்த்திகை அன்னைக்குச் சாயங்காலம். கடைசி ஈடு எள்ளு செக்குல ஓடுது. அவ கருப்பட்டி எடுக்க உள்ளே போயிருந்த நேரம் அண்ணன் வண்டி வந்து நின்னுது.

"மாடு எங்கவே?" கேட்டான் சிதம்பரலிங்கம்.

"நீருதான்," சொல்லி அவன் கண்ணைக் கட்டி மரத்துல விட்டான் கொம்பையா.

வெளியே வந்தவளை, வண்டியைப் பார்க்க முந்தியே வாசல்ல பிடிச்சுக்கிட்டா கோமதிக் கிழவி. "எல்லாருக்கும் கட்டிவிட்டியே, நீ ஒருநாளாவது நடந்தியாடி?"

அவ மறிச்சுப் பேச முந்தியே கிழவி துண்டைக் கட்டிட்டா, கண்ணு இருட்டாச்சு. மரத்துல கை வச்சா. என்ன ஆச்சரியம், இலகுவாப் போகுது. எத்தனை பேர் தள்ளுதாங்களோ. மூணு நாளா நெஞ்சுல கிடந்தது தானா வெளியே வந்துச்சு.

"எங்கண்ணன் தங்கமானவன். ஆனா அவன் வீட்டு மூலைக்குப் போனேன்னா, நான் ஒரு மாசம்கூடத் தாங்கமாட்டேன். அவன்கிட்ட அதைச் சொல்ல வாய் வரலை."

கிரீச், கிரீச்.

"அப்போ வர வேண்டாம் தாயி," பின்னாலிருந்து ஒரு குரல் வந்துச்சு. "இங்கேயே இரு."

அவ காலு நின்னுபோச்சு. செக்கு நிக்கலை. கூட்டம் தள்ளிக்கிட்டே இருந்துச்சு.

அன்னைக்கு மலையில விளக்கு எரிஞ்சது இலங்கைக்குத் தெரிஞ்சுதாம். சிதம்பரலிங்கம் வண்டியில பூட்டியிருந்த காளை ரெண்டுல ஒண்ணை அவுத்துச் செக்குல கட்டினான். மறுபக்கத்து நுகத்தடியில தானே தோளைக் கொடுத்து ஊர் போய்ச் சேர்ந்தான். மூணு நாளாகியும் மாட்டு நடை மாறாததைப் பார்த்து அவன் பெஞ்சாதி சொன்னாளாம், "இப்பத்தான் ஒழுங்கா நடக்கீரு."

அந்தக் காளை செக்கு இழுத்ததோ இல்லையோ, தின்னு தின்னு கதவை அகலப்படுத்தும்படி ஆச்சு. ஊர்தான் நடந்துச்சு. சந்தேகம் இருந்தா மூணுபனைக்குறிச்சிக்குப் போய்ப் பாருங்க. கல்லைச் சுத்தி முழங்கால் ஆழத்துக்குத் தடம் விழுந்திருக்கும். ஒரு குளம்படிகூட இருக்காது, அத்தனையும் மனுஷக் காலடி. இன்னைக்கும் அங்கே யார் எண்ணெய் வாங்கப் போனாலும், முதல்ல துண்டை வாங்கிக் கண்ணைக் கட்டுவாங்க. ஒரு சுத்து நடந்த பிறகுதான் சட்டியை வாங்குவாங்க.