பன்னிரண்டாவது பாட்டில்

— துப்பாதேடா! அது என் கல்யாணத்துக்கு வாங்கின பர்கண்டி ஒயின்.

— துப்பாம? முழுங்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்றியா அக்கா? சீச்சீ! முதல்ல தண்ணி குடு. ஈரச் சாக்கை வாயில திணிச்ச மாதிரி இருக்கு.

— ஒரு வாய்தானே பார்த்தே. இன்னொரு வாய் பாரேன், தம்பி.

— இதுக்கு ஒரு வாயே அதிகம். அந்த வாளியைத் தூக்கி வெளியில வை. கழுவுற தொட்டிக்குப் பக்கத்துல இருக்கு பாரு, அது. உன் ஓட்டல் சமையலறைக்குள்ள கால் வச்சதுலேர்ந்து குடலைப் பிரட்டுது.

— அது வினிகருக்குச் சேர்த்து வைக்கிறது. அது பாட்டுக்கு இருக்கட்டும். நீ தீர்ப்பைச் சொல்லு.

— தீர்ப்பு வேறயா? கிளாஸைச் சாய்ச்சுப் பாரு. ஓரத்துல செங்கல் பொடி கரைச்ச மாதிரி நிறம். மோந்து பாரு. செருப்புக்குள்ள காளான் முளைச்ச மாதிரி நாத்தம். ஒயினா இது? தூ!

— செங்கல் நிறமும் காளான் வாசமும் வந்தாத்தான் சிவப்பு பர்கண்டி பதத்துக்கு வந்துச்சுன்னு அர்த்தம். அப்படின்னு முதல் வருஷம் நீதானே பாடம் எடுத்தே?

— அது வேற காளான் அக்கா, இது வேற காளான்.

— எனக்கென்னமோ நல்லாத்தான் இருக்கு.

— உனக்கு! அது குழம்புல உப்பு பார்க்கிற நாக்கு. இந்த ஊர்ல பாதிக் கடைக்காரன் என் நாக்கை நம்பித்தான் சரக்கே எடுக்கிறான், தெரியுமில்ல? ஆமா, மூடி திறந்து ஒரு மணி நேரம் காத்தாட வச்சியா?

— எல்லா வருஷமும் போலத்தான். நீ வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி நானே திறந்து வச்சேன். யாரும் பக்கத்துல வரக் கூடாதுன்னியே, யாரும் வரலை.

— அப்போ சந்தேகமே வேண்டாம். பாட்டில் செத்துப்போச்சு. கொட்டிடு.

— எவ்வளவு லேசா சொல்றே! பன்னெண்டு பாட்டில்டா. பதிமூணு வருஷம் தொடாம வச்சிருந்தோம். அப்புறம் வருஷத்துக்கு ஒண்ணு, குடிக்கிற பதமா பார்த்துச் சொல்லுன்னு உன்னைக் கூப்பிட்டோம். பதினோரு பாட்டில், நீ ருசி எழுதிக் குடுத்த பதினோரு சீட்டு. எல்லாத்துலயும் கடைசியில உன் கையெழுத்துல ஒரே பாட்டு: ‘இன்னும் இல்லை. பொறு.’

— பர்கண்டி அப்படித்தான். இளசா இருக்கும்போது செர்ரிப் பழமாச் சிரிக்கும். அப்புறம் சில வருஷம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கும், வாயே திறக்காது. அப்புறம் ஒருநாள் தானா மலரும். அந்த ஒருநாளைப் பிடிக்கத்தான் என்னை மாதிரி ஆள் வேணும்.

— என் மாமியாரும் மூஞ்சியைத் தூக்கித்தான் வச்சிருந்தாங்க. கடைசி வரைக்கும் மலரலை. சரி, பதமா இல்லைன்னு சொன்ன பாட்டிலையெல்லாம் அடிமண்டி வரைக்கும் காலி பண்ணிட்டுத்தானே எழுந்திரிச்சே?

— ஒரு வாய்ல தெரிஞ்சிடுமா? காத்து பட பட எப்படி மாறுதுன்னு கடைசிச் சொட்டு வரைக்கும் பார்க்கணும். தொழில் அக்கா, தொழில்!

— நல்ல தொழில். பொண்ணு எப்படின்னு பார்த்துட்டு வாடான்னு அனுப்பினா, தாலியைக் கட்டிட்டு வந்து சுமார்தான்னு சொன்னானாம் ஒருத்தன்.

— கிண்டல் போதும். இதென்ன, மூணு கிளாஸ் பளபளன்னு துடைச்சு வச்சிருக்கு?

— உங்க அத்தான் துடைச்சது. இன்னைக்கு எங்களுக்கு இருபத்தஞ்சு வருஷம்டா. மாடியில சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டிருக்கார். ‘இன்னைக்காவது உன் தம்பி வாயிலேர்ந்து குடிங்கன்னு ஒரு வார்த்தை வருதான்னு பாரு’ன்னு சொல்லிட்டுப் போனார். அவருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு.

— என் கிளாஸைக் கவுத்து வை. இதைக் குடிச்சுட்டு வாழ்த்தினா அது வாழ்த்தில்லை, சாபம்.

— எங்க மனசுக்காகவாவது சொல்லேன். இப்போ குடிக்கலாம்னு ஒரே ஒரு வார்த்தை. பொய்யாவே இருக்கட்டும்.

— பெத்த தாய் கேட்டாலும் நாக்கு விஷயத்துல நான் பொய் சொல்ல மாட்டேன். போன வருஷமே குடிச்சிருக்கணும் அக்கா. உச்சம் அதுதான். அது கை தவறிப்போச்சு.

— போன வருஷத்து ருசி ஞாபகம் இருக்கா?

— மறக்குமா? செர்ரி, காட்டு ரோஜா, மழை பட்ட மண். நாக்குல அரை மணி நேரம் நின்னுது. அத்தானே அந்தச் சீட்டுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்காரே.

— ஆமா, தினம் அதைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே சாப்பிடுவார். அதுக்கு முந்தின வருஷம்?

— அது ராஜா. அடுத்தது சக்கரவர்த்தியா வரும்னுதான் பொறுக்கச் சொன்னேன். உள்ளதைச் சொன்னா, முதல் பாட்டில் மட்டும்தான் கொஞ்சம் சுமார். மத்த பத்தும் ஒண்ணை ஒண்ணு தூக்கிச் சாப்பிட்டுது.

— அந்தப் பத்துல ஊத்தினது இன்னும் கொஞ்சம் இருந்தா குடிப்பியா?

— இருக்கா? அடிப்பாவி, ஒளிச்சு வச்சிருந்தியா! எடு, எடு, ஊத்து. இந்தக் கண்றாவியை வாயிலேர்ந்து கழுவணும். எங்க இருக்கு?

— அதோ, குடலைப் பிரட்டுதுன்னியே, அந்த வாளியில. வாடிக்கைக்காரங்க கிளாஸ்ல மிச்சம் வைக்கிற ஒயின்டா. பத்து வருஷமா நல்லதை மாடியில வச்சு நாங்க ரெண்டு பேரும் குடிச்சோம், வாளியில இருக்கிறதை வடிகட்டி அதே பாட்டில்ல ஊத்தி உனக்கு வச்சோம். இருபத்தஞ்சாவது வருஷமாச்சே, தம்பிக்கும் ஒரு வாய் நிஜமானது போகட்டும்னு உங்க அத்தான்தான் சொன்னார்; அதைத்தான்டா இப்போ துப்பினே.