நீர் மாத்திரை

உக்கார மாட்டேன் டாக்டரம்மா, நின்னுக்கிட்டே சொல்றேன். உக்காந்தா அழுதுருவேன். இப்ப எனக்கு அழுகை வேண்டாம், யாரையாவது நல்லாத் திட்டணும்.

லித்தியமா? பன்னெண்டு வருஷமா. மனசு ஒரேயடியா மேல ஏறும், அப்புறம் பாதாளத்துல விழும், அதுக்குத்தான். அதைச் சாப்பிட ஆரம்பிச்சப்புறம்தான் என் வீட்டுக்காரர் நிதானத்துக்கு வந்தாரு. லேத் மெஷின்ல நின்னா மயிரிழை பிசகாது அவருக்கு.

போன மாசம் தலைச்சுத்தல்னு வேற ஒரு டாக்டர்கிட்ட போனோம். பிரஷர்னு சொல்லி அந்த டாக்டர் நீர் பிரியற மாத்திரை எழுதினாரு. மருந்துக்கடைக்காரன் இருக்கானே, மாசாமாசம் லித்தியம் குடுக்கறவனே அவன்தான். ரெண்டையும் ஒரே கவர்ல போட்டு நீட்டுறான். ஒரு வார்த்தை? ம்ஹும். போனைப் பாத்து இளிச்சுக்கிட்டிருந்தான்.

பத்தே நாள். டம்ளரைப் பிடிக்க முடியல. வாந்தி, பேதி. நாக்கு குழறுது. அப்படியும் வேலைக்குப் போனாரு. குடிச்சுட்டு வந்திருக்கியான்னு அந்த மேஸ்திரி அத்தனை பேர் முன்னாடி கேட்டு வெளிய அனுப்பிட்டான். ஒரு சொட்டு தொட்டதில்லம்மா அவர்! கேட் வரைக்கும் செவத்தைப் பிடிச்சுக்கிட்டே நடந்தாராம். நெனச்சா வயிறு எரியுது.

புரியுது, நேத்து நீங்க சொன்னீங்களே. உப்பும் தண்ணியும் வெளிய போகப்போக லித்தியம் மட்டும் உள்ளயே தங்கிடுது. அதே பழைய அளவுதான், விஷமாயிடுச்சு. மூணு நாளா மெஷின் வெச்சு ரத்தத்தைச் சுத்தம் பண்றீங்க. இன்னிக்குக் கண்ணு தொறந்ததும் என்ன கேட்டாரு தெரியுமா? லீவு சொல்லிட்டியான்னு! கை இன்னும் ஆடுது. நிக்குமா? பாக்கலாம்னா என்ன அர்த்தம்? சரி, சரி.

பிரஷர் டாக்டரா? இல்ல, அவர் விசாரிச்சாரு. வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களான்னு பேனாவைக் கீழ வெச்சுட்டே கேட்டாரு. இவர் வாயைத் தொறந்தாரு. பக்கத்துல என் நாத்தனார் உக்காந்திருந்தாங்க. அவங்க காதுல விழுந்தா சொந்தக்காரங்க அத்தனை பேருக்கும் பைத்தியம்னு பரவிடும். நான்தான் முந்திக்கிட்டு, ஒண்ணும் இல்லீங்கன்னு சொன்னேன்.

ஏன் பேனாவை நிறுத்திட்டீங்க? எழுதுங்க. சம்சாரம் சொன்னதுன்னு எழுதுங்க.