படத்துக்குள் ஒரு நீலக் கதவு

நோன்பு துறக்கும் நேரம். கெய்ரோவில் பேய்க்கு உகந்த வேளை நள்ளிரவு இல்லை, இதுதான். நோன்பு துறக்கச் சொல்லிப் பீரங்கி முழங்கப்போகும் அந்தச் சில நிமிடங்களில் தெருவில் ஒரு பூனைகூட இருக்காது. கடைகள் பாதி இழுத்த ஷட்டரோடு கிடக்கும். ஜன்னல்களுக்குள் தட்டு வைக்கும் சத்தம் மட்டும்...

அப்படி ஒரு தெருவில் பிக்ரி தன் மகள் லுஜைனோடு வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். என் நண்பன் பஷீருக்கு மைத்துனர். நம்மைப் போல தெற்கே அஸ்வான் பக்கத்து நூபியர்தான். ஆனால் நம் ஊர்ச் சங்கத்துப் பக்கம் அவரை நீங்கள் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

"ஆபீஸரு இல்லையா. நம்ம பாயில உட்கார்ந்தா சூட்டு கசங்கிடும்" என்றான், சங்கத்துப் பாயில் உட்கார்ந்து கதை கேட்டுக்கொண்டிருந்த ஹாரூன்.

"வாயை மூடுறா. கரண்டு வர்றதுக்குள்ள அவர் கதையைச் சொல்லி முடிக்கட்டும்" என்றார் ஜமால். மெழுகுவர்த்தியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார்.

லுஜைனின் தோள்பையில் ஒரு புத்தகம் இருந்தது. அன்று மதியம் பொது நூலகத்தில், குழந்தைகள் பகுதியில் அவளே கண்டெடுத்தது. ஒரு பக்கம் அரபி. மறுபக்கம் நம் நூபிய மொழி. நம் மொழியை அச்சில் பிக்ரி பார்த்ததே அன்றுதான். பக்கத்துக்கு ஒரு வீடு, வெள்ளைச் சுவரில் முதலையும் நட்சத்திரமும் வரைந்த நம் வீடு. கதவு தடித்த அட்டை. விரலால் தட்டினால் உள்ளேயிருந்து ஒரு குரல் இரண்டு மொழியிலும் "யாரது?" என்று கேட்கும். திறந்தால் ஆடு, மணப்பெண், சிரிக்கும் கிழவர்... கடைசிப் பக்கத்தில் ஒரு நீலக் கதவு.

"பாபா, இந்தப் பக்கம் என்ன பாஷை?" என்று நூலகத்திலேயே கேட்டாள் லுஜைன்.

"தெரியலம்மா."

"ஃபோட்டோல உங்க பழைய வீடு இப்படித்தானே இருக்கும்?"

"தெரியலன்னு சொன்னேன்ல!"

நூலகப் பெண் தலை நிமிர்ந்து பார்த்தாள். அவளும் நம் பக்கத்துக்காரி. பிக்ரிக்குக் காது மடல் சுட்டது.

இப்போது, யாருமற்ற தெருவில்... பைக்குள்ளிருந்து சத்தம்.

டொக் டொக்... டொக்.

இரண்டு சேர்ந்து. ஒன்று தாமதித்து.

பிக்ரி நின்றுவிட்டார். புளித்த சோள ரொட்டி எலுமிச்சைத் தண்ணீரில் ஊறும் வாசனை. நோன்பு மாதத்தில் நம் வீடுகளில் மட்டும் வருமே, அது. அந்தத் தெருவில் நம் வீடு ஒன்றுகூட இல்லை.

பிறகு குரல். நம் மொழியில் மட்டும். "பிக்ரி... நான்தாண்டா."

"பாபா, உங்க பேரைச் சொல்லுது! என்ன சொல்லுது?"

அவர் பதில் சொல்லியிருக்கலாம். தெருவில் கேட்க ஆளே இல்லை. அப்படியும் சொன்னார், "தெரியலம்மா."

வாசனை நின்றுவிட்டது.

அந்தத் தட்டலை அவர் முன்பே கேட்டிருந்தார். மூன்று வருடத்துக்கு முன், இதே மாதம், இதே வேளை. ஆபீஸ் மேலாளரும் அவர் மனைவியும் பிக்ரி வீட்டுக்கு விருந்துக்கு வந்திருந்தார்கள். பேரீச்சம்பழத்தைக் கையில் எடுத்துவிட்டார்கள். அப்போது கதவில் டொக் டொக்... டொக். வெளியே நம் மொழியில் அதே வார்த்தை. பிக்ரியின் மனைவி எழுந்தாள். பிக்ரி அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார். விருந்தாளிகளிடம் சிரித்தார். "யாருமில்லை, இஸ்திரிக்காரனா இருக்கும். நீங்க சாப்பிடுங்க."

அரபியில் சொன்னார். வெளியே நின்ற அவர் அப்பா ஸியாதாவுக்கு அரபி நன்றாகவே தெரியும்.

அஸ்வானிலிருந்து ரயிலில் வந்தவர். மகனுக்குப் பிடிக்கும் என்று அந்த ரொட்டியைத் துணியில் கட்டி எடுத்து வந்திருந்தார். கீழே வாசல் காவலரோடு உட்கார்ந்து தண்ணீர் குடித்து நோன்பு துறந்தார். அந்த இரவே ரயில் ஏறிவிட்டார். பெருநாளைக்கு அவர் உயிரோடு இல்லை.

ஹாரூன் பாயில் இன்னும் நெருங்கி உட்கார்ந்தான். மெழுகு உருகி வழிந்தது.

வீட்டுக்கு வந்து பிக்ரி சாப்பிடவில்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மகளின் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். நீலக் கதவின் விளிம்பில் நகத்தைக் கொடுத்து இழுத்தார். அசையவில்லை. மதியம் லுஜைன் ஒற்றை விரலால் திறந்த அட்டை. உள்ளே யாரோ தாழ் போட்டதுபோல் இருந்தது.

"தள்ளுங்க பாபா" என்று லுஜைன் விரல் வைத்தாள். உடனே திறந்தது. உள்ளே வெறும் மஞ்சள் சுவர். அவள் கையை எடுத்தாள், கதவு தானே மூடிக்கொண்டது. அவர் இழுத்தார்... திறக்கவில்லை.

அப்போதுதான் அவர் முழங்காலிட்டு, மனைவிக்கும் மகளுக்கும் முன்னால், நம் மொழியில் பேசினார். பல வருடமாகப் பேசாத நாக்கு, குழறியது. "அப்பா... நான்தான். பிக்ரி. திறங்க."

சொல்லிவிட்டுத் தட்டினார்.

"யாரது?" என்று புத்தகம் கேட்கவில்லை.

உள்ளே கரண்டிகள் தட்டில் உரசும் சத்தம். யாரோ ஒரு பெண் சிரிப்பது. நாற்காலி ஒன்று நகர்ந்து, பாதியில் நின்றது. பிறகு ஓர் ஆண் குரல், அரபியில், நல்ல தெளிவாக. அது அப்பாவின் குரல் இல்லை. பிக்ரியின் குரல்.

"யாருமில்லை, இஸ்திரிக்காரனா இருக்கும். நீங்க சாப்பிடுங்க."